சேர் முழுசா தெரியணும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிங்கராஜபுரத்தில் எங்கள் பின் தெருவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். ‘டு-லெட்’ போர்டு மாட்டிய ஒரு வீட்டு கேட்டின் முன்னால், வீல்சேரில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். எதிரே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“மூணு படிதானே சார்? சாய்வா ஒரு பலகை நானே போட்டுக்கறேன். காலி பண்றப்போ எடுத்துடுவேன்” என்றாள்.

“அதுக்கில்லம்மா... தனியா இருக்கேங்கற. நாளைக்கு வுழுந்து கிழுந்து வச்சா யாரு ஜவாப்? நம்பளுக்கு எதுக்கு டென்ஷன்?”

சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு சொம்பு தண்ணீரோடு திரும்பி வந்தார். “வெயில்ல வந்திருக்க. குடிம்மா.”

கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். இவரை என்ன செய்வது?

அவர் கதவைச் சாத்தியதும் நான் பேச்சுக் கொடுத்தேன். பெயர் ரேவதி. வாணியம்பாடிப் பெண். பக்கத்தில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறாள். தங்கியிருந்த பி.ஜி. விடுதியை இடிக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

“அக்கா, ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா?” என்று போனை நீட்டினாள்.

முகத்தை மட்டும் அழகாக எடுத்துக் காட்டினேன். மறுத்துத் தலையாட்டினாள்.

“இது வேணாம்க்கா. சேர் முழுசா தெரியணும். சக்கரத்தோட.”

“எதுக்கும்மா?”

“போன்ல வெஜ்ஜா, நான்வெஜ்ஜான்னு எல்லாம் கேக்கறாங்க. வாங்கன்னு சொல்றாங்க. ஆட்டோவுல இருந்து நான் எறங்கறதப் பாத்ததும் மூஞ்சி மாறிடுது. எறங்கி ஏறறதே எனக்குப் பெரிய வேலைக்கா. இனிமே போட்டோவ மொதல்லயே அனுப்பிடறேன். வேணாம்னா போன்லயே சொல்லிடட்டும்.”

அசந்துபோனேன். தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்தவள், திடீரென்று கேட்டாள்: “சிரிக்கலாமாக்கா? கொஞ்சம் சிரிச்சா தைரியசாலின்னு நெனப்பாங்க. ரொம்ப சிரிச்சா திமிருன்னுடுவாங்க.”

கொஞ்சமாகச் சிரித்தாள். எடுத்தேன். நல்ல படம்.

உங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? நான் குடியிருப்பது மூன்றாவது மாடி. வாடகை வீடு. லிஃப்ட் கிடையாது.

அவளிடம் கேட்டு, என் போனுக்கு அனுப்பச் சொல்லி, அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டேன். ‘இந்தப் பெண்ணுக்கு கிரவுண்ட் ஃப்ளோரில் ஒரு வீடு வேண்டும்’ என்று மேலேயே எழுதியிருந்தேன். சாயங்காலத்துக்குள் ஹார்ட்டுகள் குவிந்தன. கும்பிடும் கைகள் குவிந்தன. ‘சல்யூட் சிஸ்டர்!’ ‘இவரைப் பார்த்தாவது நாம் புலம்பலை நிறுத்த வேண்டும்.’ யாரோ ஒருவர் பின்னணியில் சூரிய உதயத்தைச் சேர்த்து, ‘முடியாதது எதுவுமில்லை’ என்று எழுதி, எனக்கே காலை வணக்கமாக அனுப்பினார்.

வீடு? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நானும் அலைந்தேன். ஒரு வீட்டில் பாத்ரூம் கதவு வீல்சேரைவிடக் குறுகல். இன்னொரு வீட்டம்மா போட்டோவைப் பார்த்துக் கண் கலங்கினார். “பாவம்... சாமி நல்லா வச்சிருக்கணும்” என்றார். சாவியை மட்டும் எடுக்கவில்லை. ரேவதி படம் அனுப்பிய இடங்களிலிருந்து ‘வேண்டாம்’ என்றுகூடப் பதில் வரவில்லையாம். நீல டிக் விழும். அவ்வளவுதான்.

மாதம் முடிந்து இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது: ‘வீடு கிடைச்சிடுச்சுக்கா.’

குதித்துக்கொண்டு போன் செய்தேன். “எந்த ஏரியாம்மா?”

“வாணியம்பாடிக்கா. எங்க அப்பா வீடு.”

“வேலை...?” என்றேன்.

“ஆபீஸ் வந்துதான் ஆகணும்னுட்டாங்க. ரிசைன் பண்ணிட்டேன். இங்க ராணி மாதிரி பாத்துக்கறாங்கக்கா. எல்லாம் உக்காந்த எடத்துக்கே வருது. நான்தான் எங்கயும் போக வேண்டியதில்ல.”

போனை வைத்தபிறகு யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தவர், கண் கலங்கியவர், சல்யூட் அடித்தவர்கள்... ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை.

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.