துவைத்த பிறகு என்ன சைஸ்

என் அக்கா மகளை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். இப்போது சொந்தமாக விளையாட்டு உடை கம்பெனி நடத்துகிறாள். ஆனாலும் பொடிசுதான்.

ஓட்டப்பந்தயத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். கடையில் வாங்கிய டவுசர் தொடையை உரசிப் புண்ணாக்குகிறது என்று தானே ஒன்று தைத்துப் போட்டாள். கூட ஓடினவர்கள் எனக்கும் எனக்கும் என்றார்கள். என் பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறை சும்மா கிடந்தது. இரண்டு தையல் மிஷின், ஒரு நீள மேஜை, சுவரோரம் துணி ரோல். அவள் வெட்டுவாள், அக்கா தைப்பாள். இரண்டு பேரும் போடும் சண்டை கீழே காற்றடிக்கிற எனக்குக் கேட்கும்.

முதல் பெரிய ஆர்டர் ஒரு பெண்கள் கால்பந்து கிளப்பிலிருந்து வந்தது. ஜெர்சி பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவள் பிராண்டுதான். சொதப்பினால் அந்த மைதானத்தில் அவள் பேர் அதோடு சரி.

பனியன் துணியை ரோலில் இழுத்துச் சுற்றியிருப்பார்கள். அதைப் பிரித்து ஒரு நாள் மேஜையில் போட்டுவைக்க வேண்டும். இழுவை தளர்ந்த பிறகுதான் கத்தரி வைக்கணும், இல்லாவிட்டால் துவைத்ததும் சுருங்கிவிடும். பொடிசுக்குத் தெரியாததல்ல. போட்டியைச் சீக்கிரமே வைத்துவிட்டார்கள் என்று ரோலிலிருந்து நேராக வெட்டிவிட்டாள்.

எதைத் தைத்தாலும் ஒன்றைத் துவைத்துப் போட்டு ஓடிப் பார்ப்பது அவள் வழக்கம். இந்தத் தடவை எல்லாம் தைத்து மடித்த பிறகுதான் செய்தாள். திரும்பி வந்தபோது ஜெர்சி இடுப்புக்கு மேலே ஏறி நின்றது.

"யாருடி இதைப் போடுவா, தொட்டில் குழந்தையா?" என்றாள் அக்கா.

"துவைச்சாத்தானே தெரியும். கொடுத்துட்டு வந்துடு" என்றேன் நான்.

"ஏன் மாமா, அவங்க துவைக்காம நாறிக்கிட்டேவா ஆடுவாங்க?"

கிளப்பின் கோச்சம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னாள். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அந்தம்மா திட்டவில்லை. "ஆட்டத்துக்கு முன்னாடியே சொன்னியே, அந்த மட்டுக்கும் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் எதிரிலேயே வேறு கம்பெனிக்குப் போன் போட்டார்.

பொடிசு அழுதாளா என்று கேட்காதீர்கள். வண்டியில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

நல்லவேளை, கிளப் பேர் இன்னும் அச்சடிக்கவில்லை. மொத்தத்தையும் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டாள். அளந்து பார்த்து, கழுத்தில் இருந்த சைஸ் சீட்டைப் பிரித்துப் புதுசு தைத்தாள். பெரிய சைஸ் நடு சைஸ் ஆனது, சின்னது பிள்ளைகள் சைஸ் ஆனது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு விற்றாள். எத்தனை தடவை துவைத்தாலும் அப்படியே இருக்கிறது என்று பிள்ளைகளின் அம்மாக்கள் திரும்ப வந்தார்கள். அதிலிருந்து அவள் சீட்டில் இருப்பது துவைத்த பிறகு உள்ள சைஸ்தான். கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். இப்போது எதிர்க் கட்டிடத்தில் ஒரு மாடி முழுக்க அவளுடையது.

அந்தக் கிளப்புக்கு ஒவ்வொரு சீசனுக்கும் மாதிரி ஒன்று அனுப்புகிறாள். பதில் இல்லை. மைதானத்துப் பக்கம் போனால் நானும் எட்டிப் பார்ப்பேன். இன்னும் வேறு கம்பெனி ஜெர்சிதான்.