காதர் வீட்டு மாடிப் புறாக்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மௌரிட்ஸுக்கு வணக்கம் சொன்னால் பதில் வராது. மற்ற நாட்களில் அவரே வேலியோரம் வந்து "ஹூடமோர்ஹன்" என்று காலை வணக்கம் சொல்லி, மழையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டுதான் போவார். கோடைகால ஞாயிறுகளில் மட்டும் தோட்டத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் வாயைத் திறந்தால் ஒரு விரலை உயர்த்துவார். பெல்ஜியத்தின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த முதல் வருடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவில் இன்னும் நாலைந்து கிழவர்கள் இதே கோலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரோடு ஏதோ வேண்டுதல் போலும் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவர் தலைக்கு மேலே ஒரு சாம்பல் நிறப் புறா இறக்கையை மடக்கிச் சரிந்து இறங்கியது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஓட்டத்தை நானும் ஓடியிருக்கிறேன்.

விருதுநகரில் காதர் வீட்டு மொட்டை மாடியில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து, எத்தனையோ ஞாயிறுகள் நான் வானம் பார்த்தவன். புறா வளர்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். ஹோமர் என்பது வீடு திரும்பும் புறா. எங்கே கொண்டுபோய் விட்டாலும், தான் பொரித்துப் பறந்து பழகிய கூட்டைத் தேடி வந்துவிடும். யாருடையது முதலில் வருகிறது என்பதுதான் பந்தயம். விருதுநகரிலும் சிவகாசியிலும் சுற்றுப்பட்டிகளிலும் இந்தப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருந்தோம். பதிவு கிடையாது, தலைவர் கிடையாது, டீக்கடைதான் அலுவலகம். காதர் வத்தல் கமிஷன் கடைக்காரர். எம். புதுப்பட்டி மாரிச்சாமி வெடி கம்பெனியில் போர்மேன். நான் ஆமத்தூர்க்காரன். அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே வெடிப்பெட்டி அச்சடித்தேன், இங்கே சாக்லேட் பெட்டி அச்சடிக்கிறேன். மை நாற்றம் இரண்டிலும் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் பந்தயப் புறாவை வடக்கே அனுப்பத் தனி வண்டி வைப்பதில்லை. காலண்டர் சீசனில் சென்னைக்கு லோடு ஏறும் லாரிகள் இருக்கின்றன. தெரிந்த டிரைவரிடம் பெட்டியைக் கொடுத்தால், அவர் விடியும்போது விழுப்புரத்துப் பக்கம் எங்காவது வண்டியை ஓரங்கட்டி, பெட்டியைத் திறந்துவிட்டு, போன் பண்ணிச் சொல்லிவிடுவார். அன்று மதியம் நாங்கள் மாடியேறிக் காத்திருப்போம். தீபாவளிக்கு முன்னால் மட்டும் இதெல்லாம் கிடையாது. கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற சத்தத்தில் காதரின் புறாக்கள் மிரண்டு திசை மாறிவிடும். மாரிச்சாமியின் புறாக்கள் முட்டைக்குள் இருக்கும்போதே வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவை. ஆயிரம்வாலா போட்டாலும் தீனியை விட்டுத் தலை தூக்காது. "ஒங்க புறாவுக்குக் காது அவுட்டுப்பா" என்று காதர் கேலி செய்வார். "காது இருந்தா புதுப்பட்டில குடியிருக்க முடியுமாக்கும்?" என்பார் மாரிச்சாமி.

காதர் இறந்த செய்தி, நான் ஒரு சாக்லேட் பெட்டிக்குப் பழுப்பு நிறம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. செய்தியைப் படித்தேன், போனைப் பையில் போட்டேன், பழுப்பு நிறத்தைச் சரிசெய்தேன். அழுகை வரவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி இப்படித்தான் வருகிறது, வேலைக்கு நடுவில். புலம்பெயர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

மற்றதை மாரிச்சாமி பிறகு சொன்னார். காதர் இறந்த அன்று காலைதான் ஒரு பெட்டிப் புறாவை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். டிரைவருக்கு விவரம் தெரியாது. மறுநாள் விடியலில் வழக்கம்போல் திறந்துவிட்டுக் காதருக்குப் போன் போட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை.

"மத்தியானம் லுஹர் தொழுக முடிஞ்சு அடக்கம்னு சொன்னாக மாப்ள. சந்தூக்குப் பெட்டிய வீட்ட விட்டு வெளிய எடுக்கோம், நானும் தோள் குடுத்திருக்கேன். சரியா அந்நேரம் தலைக்கு மேல இறக்கச் சத்தம். நிமிந்து பாக்க முடியல. எத்தன வந்துச்சுன்னு எண்ணவும் முடியல. தெருவே அழுதுக்கிட்டு இருக்கு, அதுக பாட்டுக்கு மாடில போயி எறங்குதுக."

இதைக் கேட்டபோதுதான் அழுதேன்.

அடுத்த நாள் மௌரிட்ஸிடம் சொன்னேன். என் ஊரில் புறா நண்பர் ஒருவர் இறந்துவிட்டார் என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை பிளமிஷ் மொழியில் அது ஒரு தகவல் போலத்தான் ஒலித்திருக்கும். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "எத்தனை புறா? விற்பனை எப்போது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மண்ணு ஈரம் காயவில்லை, இந்த மனுசன் விலை பேசுகிறாரே என்று பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அந்தக் குளிர்காலத்திலேயே பக்கத்து ஊர்ப் புறாக்காரர் ஒருவர் இறந்தார். மௌரிட்ஸ் என்னை ஒரு கஃபேயின் பின்கூடத்துக்குக் கூட்டிப்போனார். இறந்தவரின் புறாக்கள் எல்லாம் பெட்டிகளில் வரிசையாக இருந்தன. ஏலம் நடந்தது. இங்கே அதுதான் வழக்கமாம், ஒன்றுவிடாமல் விற்றுவிடுவார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மௌரிட்ஸ் கையைத் தூக்கித் தூக்கி ஒரு கிழட்டு ஆண் புறாவை எடுத்தார். பறக்காது, குஞ்சுக்கும் ஆகாது. எதற்கு என்று கேட்டேன். "அவன் என் நண்பன்" என்றார், இதைக்கூடக் கேட்பாயா என்கிற முகத்தோடு. செத்தவன் கூட்டிலிருந்து ஒன்று தன் கூட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் அன்று என்னிடம் கேட்டது விலை அல்ல, துக்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அந்தப் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

விருதுநகரில் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. காதரின் மனைவி ரஹ்மத் இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. மாடிப்படியோ வீட்டுக்கூடத்துக்குள்ளேதான் ஏறுகிறது. கூடத்தைத் தாண்டாமல் எங்கள் கூட்டத்தில் ஒருவரும் மேலே போக முடியாது. காதருக்கு மகன் இல்லை. ரஹ்மத்தின் தம்பி சவூதியில் இருந்தார். துணைக்கு வந்திருந்த காதரின் அக்காவுக்குப் புறா என்றாலே ஆகாது. மாரிச்சாமி தினமும் தெருவில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

ஒரு மதியம் அச்சகத்துக் கேன்டீனில் இருந்தபோது காதரின் மகள் பர்வீன் கூப்பிட்டாள். கல்லூரியில் படிக்கிற பெண். "மாமா, அம்மா பேசணும்ங்காக. வீடியோ இல்ல, பேச்சு மட்டும்."

"அண்ணே" என்றார் ரஹ்மத். "இதுக எம்புட்டு திங்கும்? நான் சோறு போட்டேன், ஒண்ணும் சீந்த மாட்டேங்குதுக."

அன்றிலிருந்து ஒரு பழக்கம் உண்டானது. பர்வீன் கேமராவைப் புறாக்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். ரஹ்மத்தின் குரல் மட்டும் கேட்கும். தெருக்கோடியில் இருந்த நண்பர்கள் ஏற முடியாத மாடியில், கடல் தாண்டி இருந்த நான் தினமும் ஏறினேன். அங்கே சாயங்கால அஸர் தொழுகை முடிகிற நேரமும் என் சாப்பாட்டு இடைவேளையும் பொருந்தி வந்தது. கம்பும் சோளமும் எந்த அளவு, தண்ணீரை எப்போது மாற்றுவது, எந்த ஜோடி அடையில் இருக்கிறது, எல்லாம் சொன்னேன். கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் பெண், நான் வீட்டுக் கேமராவில் கோழிப்பண்ணையைக் கண்காணிக்கிறேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை.

காதரின் அக்கா முதல் வாரமே தடுத்தார். "இத்தாவுல இருக்கவளுக்கு மொட்டமாடில என்ன சோலி?" பர்வீன் போய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டு வந்தாள். வீட்டுக்குள் இருக்கிற மாடிதான், கைப்பிடிச் சுவர் ஆளுயரம் இருக்கிறது, வாயில்லா ஜீவனைப் பட்டினி போடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அதன்பிறகு ரஹ்மத் கொஞ்சம் தைரியமாகவே பேசினார். கணவர் இருந்த காலத்தில் காயப்போட்ட வத்தலில் எச்சம் போடுகிறது என்று புறாக்களை வைதவர்தான். இப்போதும் வைதார், ஆனால் பெயர் சொல்லி வைதார். எல்லோரையும் தள்ளிவிட்டுத் தின்கிற ஒரு கொழுத்த பெட்டைக்கு நாத்தனார் பெயர். "மெதுவாப் பேசும்மா, கீழ கேக்கும்" என்று பர்வீன் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் முடிவாக எடுத்துக்கொண்டோம். இத்தா முடிந்ததும் கூட்டைப் பிரித்துவிடுவது, புறாக்களைப் பங்கிட்டுக்கொள்வது. அந்த இடத்தில் வாடகைக்கு ஓர் அறை கட்டலாம் என்று காதரின் அக்கா யோசனை வைத்திருந்தார். எதை யாருக்குக் கொடுப்பது என்று நானே திட்டம் போட்டேன். ரஹ்மத்தை யாரும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தோம்.

இத்தா முடிந்த மறுநாள் மாரிச்சாமியும் மல்லாங்கிணறு நண்பர் ஒருவரும் பெட்டிகளோடு போனார்கள். நானும் போனில் இருந்தேன். முதல் புறாவைப் பிடித்துப் பெட்டிக்குள் விடும்போது ரஹ்மத் கேட்டார், "இதுகளப் பறக்க விடுவீகளா?"

மாரிச்சாமி உண்மையைச் சொன்னார். "விட முடியாது தங்கச்சி. விட்டா நேரா இங்கனதான் வந்து நிக்கும். அடைச்சு வச்சுக் குஞ்சு எடுத்துக்கிற வேண்டியதுதான். அந்தக் குஞ்சுக எங்க கூட்டுல பொறக்கும், அதுகள விடலாம்."

"அப்ப இதுக?"

"அடைச்சுத்தான் இருக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

சாகும்வரை என்பது புறா உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சாதாரண விஷயம். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"நான் நாலு மாசமா உள்ளயே இருந்தேன்ணே" என்றார் ரஹ்மத். "எனக்கு அது பெருசாத் தெரியல. முடியிற நாள் எனக்குத் தெரியும். இதுகளுக்கு அது கெடையாதுல்ல? வேண்டாம். பெட்டியக் கொண்டு போயிருங்க."

கீழே இருந்து காதரின் அக்கா ஏதோ சத்தமாகச் சொன்னார். "இது எங்க அத்தா எனக்குக் குடுத்த வீடு மைனி" என்று ரஹ்மத் மாடியிலிருந்தே பதில் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் குரல் உயர்ந்தது அன்று ஒரு தடவைதான். மாரிச்சாமி காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவமானமாக இருந்ததா என்று பிறகு கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள" என்றார்.

மிச்சமிருந்தது இளம் புறாக்களின் பாடு. இத்தா நடந்த மாதங்களில் அந்தக் கூட்டில் பொரித்தவை, வீட்டைச் சுற்றி மட்டுமே பறந்தவை. அவற்றைப் பழக்குவதற்குப் பக்கத்து ஊர் எதற்காவது கொண்டுபோய் முதல் தடவை விட வேண்டும். "ஆமத்தூர் சரியா இருக்குமாண்ணே?" என்று ரஹ்மத் கேட்டார். துக்கம் விசாரிக்க வந்த என் அம்மாவைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் இருந்திருக்கிறது. வெயில் தாழ்ந்த ஒரு சாயங்காலம் ஆட்டோவில் கூடையோடு போனார். பர்வீனை விருதுநகர் மாடியில் காவல் நிறுத்திவிட்டுப் போனார்.

கேன்டீனில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமத்தூரில் என் வீட்டு மாடி. ரஹ்மத் என் அம்மாவின் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் கூடையைத் திறந்தார். புறாக்கள் வெடித்துக் கிளம்பின. அம்மா போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார், படம் ஆடியது. இந்தப் புறாக்களின் தாத்தன் பாட்டிகள் என்னுடையவை. நான் கிளம்பும்போது காதருக்குக் கொடுத்துவிட்டு வந்தவை, இதே மாடியில் பொரித்தவை. அது புறாக்களுக்குத் தெரியாது. மாடிக்கு மேலே ஒரு சுற்று வந்தன. இரண்டாவது சுற்று கொஞ்சம் தாழ வந்ததும், நான் என்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு ஒன்றாகத் திரும்பி விருதுநகர் திசையில் போய்விட்டன.

"ஏலே" என்றார் அம்மா. "ஒன் புறா வழிதானலே இதுக. ஒண்ணுகூட இங்கன எறங்கலையே."

"அதுக அங்கனதானம்மா பொறந்துச்சு."

"நீ இங்கனதானலே பொறந்த" என்று சொல்லிவிட்டு, ரஹ்மத்துக்குக் காப்பி போட அம்மா கீழே போய்விட்டார்.

போனை அணைக்காமல் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரையில் எங்கள் மாடி காலியாகத் தெரிந்தது, திறந்த கூடை ஒன்று கிடந்தது. இடைவேளை முடிந்து எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். திரையின் மேலே பர்வீனின் செய்தி வந்து நின்றது: "எல்லாம் வீட்டுக்கு வந்துருச்சு மாமா."