ஆஃப் பண்ணியிருக்கணும்

எங்கள் மாடி அறையில் குடியிருந்த தென்காசிப் பக்கத்து இளைஞன் ஒரகடம் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் சிக்கி இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. ஊரிலிருந்து திரும்பிய அவன் மனைவி அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். நான் படியில் நின்று, கட்டிவைத்த அட்டைப்பெட்டிகளை எண்ணினேன். ஏழு. கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுவது என் வியாதி.

"சார், அவுக மேலதான் தப்புன்னு அத்தை தினம் சொல்லுதாக," என்றாள். "மெஷினை ஆஃப் பண்ணாமக் கைய விட்டா வேற என்ன ஆகும்ங்காக."

"அவன் ஆஃப் பண்ணவில்லை என்று யார் சொன்னது?"

"கம்பெனி ஆபீசர். ஆஸ்பத்திரியில வச்சு."

அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் சொன்னதை, இறந்தவனோடு அதே லைனில் வேலை பார்த்த பக்கத்து வடக்குப்பட்டு கிராமத்துக்காரன்தான் இவர்களுக்குத் தமிழில் சொன்னான். அன்று சாமான் ஏற்ற அவனும் வந்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"'ஆஃப் பண்ணியிருக்கணும்'னு சொன்னேன். அதான் அவரும் சொன்னாரு. இன்னா தப்பு கீது அதுல?"

"இங்கிலீஷில் என்ன சொன்னார்? ஷுட் ஹேவா, மஸ்ட் ஹேவா?"

"இப்ப பரீட்சை வைக்கிறியா சார்?" என்றான் எரிச்சலோடு. அவள் முகத்தைப் பார்த்ததும் யோசித்தான். "மஸ்ட். 'ஹி மஸ்ட் ஹேவ் ஸ்விட்ச்டு இட் ஆஃப்.' ரெண்டு வாட்டி சொன்னாரு."

ஆயுள் முழுக்கப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தியவன் நான். ஷுட் ஹேவ் என்றால், செய்திருக்க வேண்டும், ஆனால் செய்யவில்லை. மஸ்ட் ஹேவ் என்றால், கண்டிப்பாகச் செய்திருப்பான் என்ற ஊகம். தமிழில் "பண்ணியிருக்கணும்" இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது.

"ஆஃப் பண்ணியிருப்பான் என்றுதானம்மா அந்த ஆள் சொல்லியிருக்கிறார்," என்றேன். "பண்ணவில்லை என்று சொல்லவில்லை. கோளாறு மெஷினில் இருந்திருக்கலாம்."

அவள் அழவில்லை. போனை எடுத்தாள்.

"அத்தே, ஒங்க மவன் ஆஃப் பண்ணிட்டுத்தான் கைய விட்டாக. ஆபீசரே சொன்னாராம். இனி அந்தப் பேச்சு வேண்டாம்."

ஆஃப் பண்ணியிருப்பான் என்பது வேறு, பண்ணினான் என்பது வேறு. யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வகுப்பில் ஒருவர் இப்படி மாற்றிச் சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். போனில் அந்தத் தாய் அழுவது எனக்கே கேட்டது. அவளைத் திருத்தாமல், பெட்டிகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.