சிவப்புப் பொட்டு வைத்த வண்டி

பறிமுதல் செய்த வண்டிகளுக்குக் காவல் இருப்பதும் பிணவறைக்குக் காவல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே வித்தியாசம், இங்கிருந்து வெளியே போனவை சில சமயம் திரும்பியும் வரும்.

என்னை இந்த வேலையில் பார்க்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். உப்பளத்து வாசலிலும் துறைமுகத்து வாசலிலும் முப்பது வருடங்களுக்கு மேல் கொடி பிடித்து நின்றவன் நான். இடது முழங்காலில் இருக்கும் கோணல் தடியடியில் வாங்கியது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் நோட்டீஸில். அச்சகத்து பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் நோட்டீஸ்களுக்குப் பிழை திருத்தித் திருத்தித்தான் எனக்குத் தமிழ் வந்தது. சங்கம் இரண்டாக உடைந்தது. இரண்டு பாதியும் என்னை வேண்டாம் என்றன. அதன் பிறகு ஒப்பந்தக் காவலாளியாக இங்கே வந்து உட்கார்ந்தேன். துறைமுகச் சாலையில் பந்தயம் விட்ட பைக்குகள், சைலன்சரை மாற்றி ஊரை அலறவைத்த பைக்குகள், நம்பர் பிளேட்டே இல்லாத பைக்குகள் எல்லாம் போலீஸ் பிடித்ததும் உப்பளத்தை ஒட்டிய இந்த வேலி போட்ட திடலுக்குத்தான் வரும். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு வரை அவற்றுக்கு நான் காவல்.

ரேஷன் கடைப் படியிலோ ஆஸ்பத்திரி டோக்கன் ஜன்னலிலோ உட்கார்ந்து காலம் தள்ளிய உங்களுக்கு இது புரியும். வருகிறவர்கள் நம்மிடம் கேட்பது எதுவும் நம் கையில் இருக்காது. நடந்தது எதற்கும் நாம் பொறுப்பும் கிடையாது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்

பைக்கை சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் இடப்பக்கம் சாயும். பூட்டாத ஹேண்டிலும் அந்தப் பக்கமே விழும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிறுத்தினால், எல்லா ஹெட்லைட்டும் தலையைத் திருப்பி ஒரே இடத்தைப் பார்க்கும். என் தகரக் கொட்டகை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

உச்சி வெயிலில் இந்தத் திடலைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் உப்புக் குவியல் வெள்ளையாக எரியும். காற்று நின்றுவிடும். சூடேறிய டேங்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ‘டிக்’கென்று தட்டும், யாரோ விரலால் சுண்டுவது போல. ஒரு நாள், காற்றே இல்லாத நண்பகலில், முதல் வரிசைக் கடைசி வண்டி மெதுவாகச் சாய்ந்து அடுத்ததன் மேல் விழுந்தது. அது அடுத்ததன் மேல். அவசரமே இல்லாமல் வரிசை முழுவதும் படுத்தது. உவர் மண்ணில் ஸ்டாண்டு புதைந்துவிட்டது, அவ்வளவுதான். நான் பகுத்தறிவாளன், ஆனாலும் எழுந்து போக ஐந்து நிமிடம் ஆயிற்று. திடலுக்குப் பொறுப்பான ஏட்டையா சுடலைமுத்து கூட வந்து தூக்கி நிறுத்தினார். கடைசி வண்டியும் தலையைக் கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டதும் அவர் வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்:

“ஒம்ம கூட்டத்துக்கு வந்தவம்லாம் கூட இப்படி ஒரே மனசா ஒம்மளப் பாத்திருக்க மாட்டான் வே.”

நான் ஜெயித்த போராட்டம்

என் வாழ்க்கையில் நடத்திய போராட்டங்களில் முழுசாக ஜெயித்தது ஒன்றுதான். அது இந்தத் திடலைப் பற்றியது. அப்போது நான் வேலிக்கு வெளியே நின்றேன். பிடித்த வண்டிகள் வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்தன. சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து சீமைக்கருவேலம் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. “துருவுக்குத் தின்னக் கொடுக்காதே, தொழிலாளிக்கு ஓட்டக் கொடு!” என்று நோட்டீஸ் அடித்து, பதினோரு நாள் வாசலில் உட்கார்ந்தோம். வண்டிகளை ஏலம் விட உத்தரவு வந்தது. மாலை போட்டார்கள். அதே திடலில் எனக்கு வேலையும் பிற்பாடு கிடைத்தது.

ஏலம் மொத்தம் மொத்தமாக விடப்பட்டது. எடுத்தவர்கள் எல்லாம் வியாபாரிகள். உப்பளத் தொழிலாளி ஒருவனுக்கும் ஒரு சக்கரம்கூட வரவில்லை. இருந்தாலும் அது என் வெற்றி. துறைமுகத்தில் எங்கள் ஆட்கள் ஏற்றிய மூட்டையில் சிவப்பு மசியால் ஒரு பொட்டு வைப்போம், சங்கத்துக் கை பட்டது என்று தெரிய. அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. இங்கிருந்து ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டைத் தூக்கி, அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்தில் சிவப்பு எனாமல் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. பார்த்தது ஏட்டையா மட்டும்.

“பொட்டு வச்சு அனுப்புதீரே, பொறந்த வீடுன்னு திரும்பி வந்துரப் போவுது.”

சாரலில் அடித்த ஹாரன்

ஐப்பசியில் ஒரு கறுப்பு வண்டி வந்தது. முன்பக்கம் நசுங்கியிருந்தது. துறைமுகச் சாலையில் பந்தயத்தில் போய், ஓரமாக நின்ற கன்டெய்னர் லாரியின் பின்னால் இடித்தது. ஓட்டிய டெனிஸுக்கு இருபத்திரண்டு வயது; அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. நம்பர் பிளேட் இல்லை. வண்டி யார் பெயரில் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மதியம் லேசான சாரல். திடலுக்குள் ஒரு ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு அல்ல. நீளமாக, மூச்சு விடாமல். நாங்கள் போய்ப் பார்த்தபோது கறுப்பு வண்டிதான். பக்கத்தில் யாரும் இல்லை. ஏட்டையா நெற்றியில் திருநீற்றைத் தேடித் தொட்டுக்கொண்டார். நான் விளக்கினேன்: நசுங்கிய சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது, பேட்டரியில் இன்னும் உயிர் இருக்கிறது, வயரைக் கழற்றினால் நிற்கும். பேட்டரி சீட்டுக்கு அடியில். சாவி இல்லாமல் சீட்டைத் திறப்பது எனக்குக் கைவந்த வேலை. திறந்தேன்.

வயருக்குப் பக்கத்தில், சட்டத்தில், சிவப்புப் பொட்டு இருந்தது.

வயரைப் பிடுங்கினேன். ஹாரன் நின்றது. பொட்டு என்னுடையதுதான், வலப்பக்கம் கொஞ்சம் வழிந்திருக்கும், என் கை எப்போதும் அப்படித்தான். ஏலத்தில் உடைசலாகப் போன வண்டி, வெளியே புதுப் பெயிண்டு அடித்து, புது சைலன்சர் மாட்டி, ரோட்டுக்குப் போய் ஒருவனைக் கொன்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் வரை முதல் வரிசையின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பொட்டு. பொட்டு. அடுத்ததில் இல்லை. மறுபடி பொட்டு. பாதி வரிசையில் நிறுத்திவிட்டேன். ஏட்டையா கொட்டகையிலிருந்து நகரவில்லை. நான் திரும்பி வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“வந்ததுலேருந்து ஒம்மளத்தாம்வே கூப்பிட்டுக்கிட்டு கெடந்துருக்கு.”

செவ்வாய்க்கிழமை

டெனிஸின் அம்மா பிலோமினா செவ்வாய்க்கிழமைதோறும் வருவாள். அந்தோணியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, கையில் அந்த மெழுகு வாசனையோடு நேராக இங்கே வருவாள். வண்டி வழக்குச் சொத்து, தொடக் கூடாது. ஆனாலும் நான் தடுத்ததில்லை. அவள் அழ மாட்டாள். இடப்பக்கம் விழுந்திருக்கும் ஹேண்டிலைப் பிடித்து நேராக நிமிர்த்துவாள், தூங்குகிறவன் கழுத்தைத் தலையணையில் சரிசெய்வது போல. அடுத்த செவ்வாய் வரும்போது அது மறுபடி இடப்பக்கம் திரும்பியிருக்கும். மறுபடி நிமிர்த்துவாள்.

ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், “இதுக்கு முன்ன இது யாருகிட்ட இருந்துச்சு அண்ணாச்சி?” தெரியாது என்றேன். லத்தியின் முன்னால் பொய் சொல்லாத வாய் இது. அவள் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போனாள், போகிறபோது சொன்னாள்:

“ஒங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியப் போவுது?”

கடலுக்குக் கேட்டார்கள்

திடல் நிரம்பி வழிந்ததால், என்ன செய்யலாம் என்று கருத்துக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ராசு, ஏலம் விடுங்கள் என்றான். மீனவர் சங்கத்துப் பெரியவர் ஒருவர், எஞ்சினையும் எண்ணெயையும் எடுத்துவிட்டுக் கூட்டைக் கடலில் இறக்குங்கள் என்றார். பாறை போலப் பாசி பிடிக்கும், மீன் அடையும், முத்துச்சிப்பி விளைந்த பழைய முத்துப் பார் பக்கம் இப்போது வெறும் மணல்தான் இருக்கிறது என்றார். நல்ல யோசனை. அதிகாரி குறித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு கூட்டத்தில் நான் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் நின்றிருந்த பிலோமினா உள்ளே வந்தாள். அவள் புருஷன் சங்கு குளிக்கிறவர். மகன் இறந்த மூன்றாம் வாரமே மறுபடி கடலில் இறங்கத் தொடங்கிவிட்டார். கீழே மண்ணில் கையால் தடவித் தடவிச் சங்கு எடுக்கிற வேலை. அவள் பெரியவரைப் பார்த்துத்தான் பேசினாள், அதிகாரியை அல்ல.

“அவுக கீழ போயித் தடவும்போது கையில எம்மவன் வண்டி தட்டுப்படக் கூடாதுய்யா.”

உருளை

முடிவு ஒன்றும் வரவில்லை. ரோடு ரோலர் வந்தது. சத்தம் போடும் சைலன்சர்களையெல்லாம் கழற்றித் தார் ரோட்டில் வரிசையாக அடுக்கினார்கள். கேமராக்கள் வந்தன. உருளை ஏறியது. ஒவ்வொரு சைலன்சரும் நசுங்கும்போது உள்ளே அடைந்திருந்த காற்று ஒரு முனகலோடு வெளியேறியது. கைதட்டினார்கள். படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். திடலில் வண்டிகள் அப்படியே நின்றன, இன்னும் இலேசாக, இன்னும் அமைதியாக, அடுத்த ஏலத்துக்கு.

வண்டிகளையும் நசுக்க வேண்டியதுதானே என்று ரோலர் டிரைவரிடம் கேட்டேன். அவர் பீடியை உருளையில் தேய்த்து அணைத்தார்.

“சத்தத்தத்தான் நசுக்கச் சொன்னாக அண்ணாச்சி. ஓட்டத்த நசுக்க உத்தரவு வரல.”

யார் பெயர் முதலில்

ஏலத் தேதி ஒட்டினார்கள். கறுப்பு வண்டியின் வழக்கு முடிந்துவிட்டது. உரிமை கோர ஆள் இல்லை. பட்டியலில் அதுவும் இருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து அதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். முழு வண்டியாக விற்காதே. சட்டத்தையும் எஞ்சினையும் இங்கேயே வெட்டி, இரும்பாக மட்டும் விற்றுவிடு. காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் பேனா நின்றது. காரணம் அந்தப் பொட்டுதான். மகனைப் பறிகொடுத்தவள் கையெழுத்து இருந்தால்தான் மனு நிற்கும். பிலோமினாவின் பெயரை முதலில் எழுதி, கீழே என் பெயரை எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். சீட்டைத் தூக்கிக் காட்டினேன். ஏலம் விட வைத்தது யார், பொட்டு வைத்தது யார், திரும்பி வந்தது எப்படி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நகத்தால் பொட்டைச் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

“இன்னும் எத்தனை வண்டியில இருக்கு?”

“பாதியில நிறுத்திட்டேம்மா. எண்ணல.”

மனுவை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நல்ல தமிழில்தான் எழுதியிருந்தேன். என் வாழ்க்கையிலேயே மிக மோசமான நோட்டீஸ் அது. அதில் எதிரியின் இடத்தில் என் பெயர் இல்லை. அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள், கையெழுத்துப் போடவில்லை, தாளை என்னிடமே நீட்டினாள்.

“எம்பேருக்கு மேல ஒங்க பேர எழுதுங்க, பொட்டு வச்சவருன்னு சேத்து எழுதுங்க, பொறவு நான் போடுதேன்.”

வெட்டிய நாள்

எழுதினேன், அவளும் போட்டாள். விபத்தில் ஆள் இறந்த வண்டிகளை மட்டும் வெட்டிவிட்டு விற்க உத்தரவு வந்தது. மற்றவற்றுக்கு வரவில்லை. ஏலத்துக்கு முந்தின நாள் காஸ் கட்டரோடு ஆள் வந்தான். நல்ல உச்சி வெயில், நெருப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. இரும்பு மட்டும் தானாகச் சிவந்து பிளந்தது. எஞ்சின் விழுந்தது. பொட்டு இருந்த துண்டு விழுந்தது. கடைசியாக ஹேண்டில் மண்ணில் விழுந்து, எந்தப் பக்கமும் திரும்பாமல் கிடந்தது. பிலோமினா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நிமிர்த்தப் போகவில்லை.

முடிந்தது என்று அவளிடம் சொன்னேன். என்னைக் கடந்து, எனக்குப் பின்னால் நின்ற வரிசைகளை அவள் பார்த்தாள்.

“மத்ததெல்லாம் இன்னும் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கி அண்ணாச்சி.”

முப்பது வருடம் ஊரில் உள்ள எல்லோருக்கும் எதிராக நோட்டீஸ் அடித்தும், நான் உருப்படியாக ஜெயித்தது எனக்கு எதிராக எழுதிய ஒன்றில்தான், அதுவும் ஒரு வண்டி அளவுக்கு.