மலைக்குப் பின்னால் அரை மணி

என் நைனா தர்மநாதன் செஞ்சியில் வக்கீல். போன மாதம் குடல்புண் வெடித்து இறந்தார். வயது ஐம்பத்திரண்டு.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. கோர்ட் ஐந்துக்குக் கலையும். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அவர் கோட்டைக் கழற்றும் முன்பே பெஞ்சில் கட்சிக்காரர்கள் இருப்பார்கள், கழனி வேலை முடித்து வல்லத்திலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் வந்தவர்கள். கோடையில் எப்படியோ மேற்கே ராஜகிரி மலை சூரியனை மறைப்பதற்குள் ஓடிவந்து சாப்பிட்டுவிடுவார். கார்த்திகையில் முடியாது. மத்தியானம் குடித்த மோரோடு மறுநாள் காலைவரை.

வயிற்றைக் காலியாக விடாதீர்கள் என்றார் டாக்டர்.

"சாயங்காலம் கதவைச் சாத்திடு, கன்னியப்பா" என்றார் நைனா.

"நான் சாத்தறேங்க. நீங்க தொறக்காம இருக்கணும்" என்றார் குமாஸ்தா.

நான் சர்வே படித்தவன். 1966 கார்த்திகையில் விடுப்பில் வந்தபோது தியோடலைட்டை மாடியில் நிறுத்தி மலையின் கோணத்தை அளந்தேன். ஆறே முக்கால் டிகிரி. மலை மறைப்பதற்கும் சூரியன் உண்மையில் மறைவதற்கும் இடையே அரை மணி.

"அஞ்சு நாப்பது வரைக்கும் பொழுது இருக்குது நைனா. மலைதான் மறைக்குது."

"கண்ணால பாக்காத சாட்சி செல்லாதுடா."

"மலைமேல ஏறி நின்னா தெரியும்."

"அப்ப இலைய அங்கியே போடச் சொல்லு."

கணக்கை எழுதிக் கொடுத்தேன். தீர்ப்பு நகலைப் படிப்பதுபோல் இரண்டு முறை படித்தார். "சரி, ஏத்துக்கறேன்."

மறுநாள் ஐந்து இருபதுக்கு இலை முன் உட்கார்ந்தார். வாசலில் சிங்கவரம் விருத்தாம்பாள் குரல். கொழுந்தன் அவள் வரப்பை வெட்டிவிட்டான். காலையில் அவள் கடலையைப் பிடுங்க ஆள் விடப்போகிறான். தடையுத்தரவு வேண்டும்.

"வக்கீல் சாப்புடறாரும்மா" என்றார் கன்னியப்பன்.

"இன்னாய்யா கதை சொல்ற? பொழுது மலைக்கு அந்தாண்ட போயிடுச்சு. ஐயா சாப்புட மாட்டாருன்னுதான் இந்நேரத்துக்கு வந்தேன்."

ஊருக்கே தெரிந்திருந்தது. அவருடைய சாப்பாட்டைக் கெடுக்கக்கூடாதென்றுதான் எல்லோரும் அந்த நேரத்துக்கு வந்தார்கள்.

நைனா எழுந்தார். "இன்னும் இருபது நிமிஷம் இருக்குதுடா. உன் கணக்குதானே? இதோ வந்துடறேன்."

மனு எழுத உட்கார்ந்தால் நிமிர மாட்டார். ஐந்து ஐம்பதுக்கு அம்மா இலையை எடுத்துவிட்டாள். தடையுத்தரவு கிடைத்தது.

பிறகு அம்மா கடிதம் போட்டாள். மலை மறைத்தாலும் அரை மணி இருக்கிறதென்று தினமும் ஆபீசிலேயே இருந்துவிடுகிறாராம். முன்பு கார்த்திகையில்தான் பட்டினி. இப்போது சித்திரையிலும்.

காரியம் முடிந்த அன்று அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் தாளைப் பார்த்தேன். கணக்கைத் திரும்பப் போட்டேன். பிழை இல்லை.

பெஞ்சில் விருத்தாம்பாள் அழுதுகொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, "தை மாசத்துல வாய்தா இருக்குது தம்பி. என் கேசு கட்டு எங்க இருக்குதுன்னு பாரு" என்றாள்.

அலமாரியில் தேடினேன். கட்டுகள் கூரைவரை இருந்தன. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இதோ வந்துடறேம்மா" என்றேன்.