சாமை விதையைக் கழுவியவள்

காலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருத்தி வீட்டுக்குள் வந்து, அடுப்பின் மேலிருக்கும் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறாள். கதவைத் தட்டுவதில்லை, குரல் கொடுப்பதுமில்லை. "இன்னா, இன்னிக்கி களி கிண்டலயா?" என்று கேட்டால் அதுதான் நலம் விசாரிப்பு. மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் பட்டப்பகலிலும் கிரில் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவள் நான். இந்த ஜவ்வாது மலைக்கு வந்து இரண்டு வருடமாகியும், சட்டி மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டால் எனக்குத் திக்கென்கிறது. வந்த புதிதில், குடத்தை இறக்கிவிட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "ரொம்ப நன்றிம்மா" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாத்துக்கு நன்றி? நான் இன்னா அசலா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை. அங்கே பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுகூட டிரைவருக்கு 'தெரிமா காசே' என்று மலாயில் நன்றி சொல்லிப் பழகிய வாய் இது, என்ன செய்ய! அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டேன்.

மலேசியத் தோழிகள் வாட்சப் குழுவில் என்னை முன்மாதிரி என்கிறார்கள். ஐம்பதில் புது வாழ்க்கை தொடங்கியவளாம், துணிச்சல்காரியாம். நான் போட்ட மலைப் படங்களுக்குக் கீழே இதயமாகக் குவிகிறது. இதையெல்லாம் நம்பி உங்களில் யாராவது மூட்டை கட்டிவிடப் போகிறீர்களே என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தேன். வெள்ளைக் கையுறையைக் காற்றடித்துத் தூக்கிப் பிடித்து, ஒரு புள்ளி அழுக்கு தெரிந்தாலும் தூக்கிப் போடுவதுதான் வேலை. அம்மாவைப் பார்த்து, தம்பிகளைக் கரையேற்றி நிமிர்ந்தபோது நாற்பத்தேழு. தொழிற்சாலைக்கு எதிர்க் கடையில் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தவர் ஏழுமலை. மாவை வீசி வீசி விரிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பசியாறுவேன். ஊர் எது என்று கேட்டதற்கு ஜவ்வாது மலை என்றார். மனைவி இறந்து பத்து வருடமாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் சமைத்தார், நான் பாத்திரம் கழுவினேன், சண்டை போட்டோம், சிரித்தோம். இருந்திருக்கலாம் அப்படியே.

எனக்குத்தான் கொழுப்பு. தொழிற்சாலையில் ஒரு 'மோத்திவாசி' கூட்டம் நடத்தினார்கள். ஊக்கம் கொடுக்கிற கூட்டத்துக்கு அங்கே அப்படிப் பெயர். பேச வந்தவர், பழகிய கூட்டைவிட்டு வெளியே வராதவர்கள் வாழவே இல்லை என்று மேடையில் குதித்தார். அழுதுவிட்டேன். வீட்டுக்குப் போனதும் மலைக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். "அங்க இன்னா கீது? கல்லும் கரடியுந்தான். ஓடி வந்தவன்டி நான்" என்றார் அவர். நான் விடவில்லை. என் வீட்டை விற்றேன், வேலையை விட்டேன், வேலூரில் இறங்கி அமிர்தி வழியாக மலையேறினோம். என் ஆசைக்காக, தான் ஓடிவந்த இடத்துக்கே அவர் திரும்பினார். இதைத்தான் என் தோழிகள் துணிச்சல் என்கிறார்கள்.

இங்கே வந்ததும் அவர் மறுபடி தம்பியாகிவிட்டார். அண்ணன் இருக்கும்போது கட்டிலில் உட்கார மாட்டார், அண்ணன் பேசினால் வாயைத் திறக்க மாட்டார். ஆம்பளை அடுப்படியில் நிற்பதா என்று சிரித்தார்கள் என்பதற்காகச் சமையலை விட்டார். அண்ணன் மனைவி காசியம்மா என்னைவிட ஏழு வயது இளையவள், முறைக்கு நான்தான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, நல்லவள். களை கொத்தக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். நானும் விழுந்து விழுந்து கற்றேன். காலில் செருப்பில்லாமல், கொல்லை என்று இவர்கள் சொல்கிற சரிவு நிலத்தில் நடந்தேன், கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்கப் பழகினேன். எல்லாம் தேறிவிடும் என்றே நம்பினேன்.

போன சித்திரைக்கு முன்னால்தான் அது நடந்தது. வருடப்பிறப்புக்கு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவினால்தான் எங்களுக்கெல்லாம் மனசு ஆறும். பரணில் ஒரு மண்பானை, வாயைச் சாணியால் மெழுகி அடைத்திருந்தார்கள். உடைத்துப் பார்த்தால் ஒரே சாம்பல், அதற்குள் தானியமும் காய்ந்த இலைகளும். எலி இழுத்துப்போட்ட குப்பை என்று நினைத்தேன். தானியத்தை வீணாக்க மனமில்லாமல் மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். மணி மணியாக மின்னியது. ஒரு பொழுது வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடி, படமெடுத்துக் குழுவில் போட்டேன். இயற்கைச் சிறுதானியம் என்று வாழ்த்து மேல் வாழ்த்து. யாரிடமும் கேட்கவில்லை நான். எதைக் கண்டாலும் அழுக்கைத் தேடுகிற கண் எனக்கு, கேட்கத் தோன்றினால்தானே?

அது எங்களுக்கும் அண்ணனுக்குமாக இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, பூச்சி அண்டாமல் சாம்பலும் இலையும் போட்டு வைத்திருந்த சாமை விதை. ஆடியில் விதைக்க எடுத்தபோதுதான் தெரிந்தது. டப்பாவைத் திறந்ததும் புளித்த நாற்றம் அடித்தது. உள்ளே கறுத்துக் கட்டி தட்டிப் போயிருந்தது. காசியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. என் கணவரைப் பார்த்து, "உம் பொண்டாட்டி வெதைய குளிப்பாட்டிட்டாடா" என்றார். வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

விதை போன வீட்டுக்கு இந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வீட்டு ஆண்பிள்ளை துண்டை விரித்து ஏந்திக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டும். யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், பேசாமல் ஆளுக்கொரு கை போடுவார்கள். நான் போகிறேன் என்றேன், பெண்கள் போகக்கூடாதாம். யார் வீட்டில் கெட்டதோ அந்த வீட்டுக்காரன்தான் போக வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். மலேசியாக்காரர் என்று ஊரே கூப்பிட்ட மனிதர், இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டோடு இறங்கிப் போனார். முப்பத்து நான்கு வீடு. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனது. திரும்பி வந்து விதையைக் கொட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

விதைப்பு முடிந்த மூன்றாம் வாரம், "ஒரு ஆறு மாசம் போய்ட்டு வர்றேன்" என்றார். என் கணவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டு வாங்கித் தந்த மலேசிய அனுமதி இன்னும் ஒன்றரை வருடத்துக்குச் செல்லும். பழைய கடையில் அதே ரொட்டிக் கல் காத்திருந்தது. பஸ் ஏறும்போது என் தோளைத் தொட்டார், அவ்வளவுதான். இப்போது அவர் அங்கே இருப்பது என் கணவர் என்பதால். நான் இங்கே இருப்பது அவர் மனைவி என்பதால். நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் நிறுத்த முடியாமல் அழுகையில் முடிகிறது.

அவர் 'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டிய புடவையோடு கிளம்பிவிடுவேன். போன் வரும்போதெல்லாம் அதற்காகத்தான் காத்திருக்கிறேன். மழை பெய்ததா என்று கேட்கிறார். கொல்லைக்குப் பன்றி வருகிறதா, அண்ணனுக்கு இருமல் எப்படி என்று கேட்கிறார். என்னைத் தவிர எல்லாவற்றையும் கேட்கிறார்.

போன வாரம் நானே கேட்டுவிட்டேன். கொல்லைக்கு மேலே ஒரு பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். காலையில் அங்கே ஏறி நின்று வீடியோவில் கூப்பிட்டேன். கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. மாவுக் கையோடு வெளியே வந்து நின்றார். இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

"என்னாங்க, நானும் வந்துடட்டா?"

கையிலிருந்த மாவைக் கைலியில் துடைத்தார். "வந்து எங்க இருப்ப? வூட்டதான் வித்துட்டியே. நான் நாலு பேரோட ஒரே ரூம்ல படுத்துக் கெடக்கறேன்" என்றார். பிறகு, "கதிர் வாங்கிடிச்சாமே? அண்ணன் சொல்லிச்சி. போன அப்பிடி திருப்பு, பாக்கறேன்" என்றார்.

திருப்பினேன். சரிவு முழுக்கச் சாமை கதிர் முற்றித் தலை சாய்த்து நின்றது. "மெதுவா காட்டு" என்றார். மெதுவாகக் காட்டினேன். "உங்க போனையும் கொஞ்சம் திருப்புங்க" என்று கேட்டேன். திருப்பினார். ஈரத் தெரு, எதிரே தொழிற்சாலைக் கதவு, அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் நடை எனக்குத் தெரிந்தது. அவர் தன் மலையையும் நான் என் தெருவையும் பார்த்துக்கொண்டே நின்றோம். யாரும் போனைத் தன் முகத்துக்குத் திருப்பவில்லை.