வந்தவனைத் திருப்பாத உலகநாதன்

பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்து, நெட்வொர்க் கார்டில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார் உலகநாதன். விளக்கு ஒருமுறை மினுக்கினால் வெளியிலிருந்து ஒரு பாக்கெட், ஒரு சின்னத் தகவல் பொட்டலம், வந்திருக்கிறது என்று அர்த்தம். "வா நைனா, வா" என்பார். விடாமல் மினுக்கினால், "தள்ளாம வாங்கப்பா, எல்லாருக்கும் எடம் கீது" என்பார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய கம்பெனி. அங்கே இதைக் கேட்டு இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை.

தொழிற்சாலை இயந்திரங்கள் அனுப்பும் தகவல்களை வாங்கிச் சேர்த்துவைக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை அவர்கள் செய்கிறார்கள். அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமும் சொந்தமாக எழுதியதுதான். வந்து இறங்கும் பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பும் பகுதி உலகநாதனுடையது. மற்றவர்கள் அதை 'க்யூ' என்பார்கள். அவர் 'என் க்யூ' என்பார்.

வயது நாற்பதைத் தொடுகிறது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மொபெட்டில் வருகிறார். சாப்பிடப் போகும்போது கீபோர்டின் மேல் ஒரு மஞ்சள் துண்டைப் போர்த்திவிட்டுப் போவார். வேறு யாராவது அதைத் தொட்டால், நேரே கேட்க மாட்டார், சாயங்காலம் வரை உர்ரென்று இருப்பார். அவருடைய க்யூவுக்கு எல்லை கிடையாது. எத்தனை பாக்கெட் வந்தாலும் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும். "இன்னா பாடுபட்டு வந்துகிறானோ. வாசல்லயே வச்சுத் தொரத்தறதா?" என்பார். படித்து முடித்த புதிதில் இதே பேட்டையில் வாசல் வாசலாக ஏறி இறங்கி, 'ஆள் எடுக்கல, போ' என்று வாட்ச்மேன்கள் கையைக் காட்ட, வெயிலில் திரும்பி நடந்தவர் அவர். அந்தக் கோபத்தைத்தான் பிற்பாடு புரோகிராமாக எழுதிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வருஷம் கஸ்தூரி வந்து சேர்ந்தாள். ஆவடி டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண். அப்பா திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த சில நாட்களிலேயே அறையிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே நேரத்தில் பாக்கெட் அனுப்ப வைத்து, உலகநாதனின் பெட்டியைச் சோதித்துப் பார்த்தாள். க்யூ நீண்டது. தன் பாக்கெட்டுக்குப் பதில் வராத கம்ப்யூட்டர் அதையே மறுபடி அனுப்பியது. அதுவும் வரிசையில் போய் நின்றது. உள்ளே மெமரி தீர்ந்து, பெட்டி அப்படியே உறைந்துபோயிற்று.

"சார், உங்க க்யூல யாரும் திரும்பிப் போகல. ஆனா யாரும் உள்ளயும் போகல" என்றாள்.

அவளே வேறொரு க்யூ எழுதினாள். ஓர் அளவு வரைக்கும்தான் நிற்கலாம். அதற்கு மேல் வருவதைக் கீழே போட்டுவிடும். "ரேஷன் கடையில சரக்கு தீர்ந்துட்டா வாசல்லயே சொல்லிடணும் சார். சாயந்தரம் வரைக்கும் நிக்க வச்சுட்டு இல்லேன்னா பாவமில்லையா?"

"திருப்பி அனுப்பினவன் கதி இன்னா?"

"அவன் மறுபடி வருவான் சார்."

"வருவான்றே. எத்தினி பேரு வரான், நீ பாத்தியா?" என்று சீறினார். அவள் பாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறாள், இவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவளுடைய க்யூ ஓடியது. முதலாளி வீரராகவன் முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். வருகிற செவ்வாய்க்கிழமை பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வாடிக்கையாளர்கள் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள். கஸ்தூரியின் க்யூ அவர்கள் முன்னால் ஒழுங்காக ஓடிவிட்டால் இனி எல்லாப் பெட்டிக்கும் அதுதான், உலகநாதன் பிரிண்டர் வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்றார். பிரிண்டர்! வெளியிலிருந்து யாருமே வராத இடம்.

உலகநாதனுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அவருக்கே தெரியும். தேநீர் அவளுக்கு முதலில் போனது எரிந்தது. 'உலகுவைக் கேளுங்க' என்று எதற்கெடுத்தாலும் சொல்லிவந்த வீரராகவன் 'கஸ்தூரியைக் கேளுங்க' என்றது எரிந்தது. அவள் தனக்கு 'சார்' போட்டது எல்லாவற்றையும்விட எரிந்தது. மரியாதையில்லாமல் பேசினாலாவது சண்டை பிடிக்கலாம். மனைவி ராஜம்மாவிடம் புலம்பினார். "அந்தப் பொண்ணு நல்லாத்தானே செஞ்சிகிது? உனுக்கு இன்னா?" என்று அவள் கேட்டுவைக்க, அன்றைக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, வயிறு சரியில்லை என்று பின்தங்கினார். அவள் எழுதியதைத் தன் திரையில் திறந்து, குற்றம் தேடி வரிவரியாகப் படித்தார். கிடைத்தது. வரிசையின் முன்னாலிருந்து ஒரு பாக்கெட்டை எடுக்கும் அந்தக் கணத்தில், 'நீ கொஞ்சம் பொறு' என்று நெட்வொர்க் கார்டைத் தடுத்து நிறுத்த வேண்டும். அந்த ஆபீஸில் அதற்குக் கதவு சாத்துவது என்று பெயர். சாத்தாவிட்டால், இங்கே எடுத்துக்கொண்டிருக்கும்போதே கார்டு புகுந்து பின்னால் ஒன்றைச் சேர்க்கும், வரிசை அறுந்துபோகும். கொஞ்சமாக வரும்போது ஒன்றும் ஆகாது. கூட்டம் அதிகமானால் எந்த நேரமும் பெட்டி நின்றுவிடலாம். எடுக்கும் இடத்தில் கஸ்தூரி கதவு சாத்த மறந்திருந்தாள்.

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று வீட்டில் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இன்னா, மூஞ்சி பளபளன்னு கீது?" என்றாள் ராஜம்மா.

செவ்வாய் காலை, வெளுத்த சட்டையும் திருநீறுமாக வந்து, பெட்டி நிற்கப்போகும் காட்சிக்காகக் காத்திருந்தார். காத்திருந்தபோதுதான் சில யோசனைகள் வந்து தொலைத்தன. பெட்டி நின்றால் வீரராகவன் என்ன சொல்வார்? கேபிள் சரியில்லை என்பார். தான் கண்டுபிடித்தது யாருக்குத் தெரியப்போகிறது? சரி, அது போகட்டும். இந்தப் பெண் சும்மா இருப்பாளா? சாயங்காலத்துக்குள் தேடிப் பிடித்துவிடுவாள். தன் தப்பைத் தானே கண்டுபிடித்ததற்கும் ஒரு சபாஷ் வாங்கிவிடுவாள். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

எழுந்து அவள் மேஜைக்குப் போனார். "கஸ்தூரி, எடுக்கறப்போ கதவு சாத்துனியாம்மா?"

அவள் திரையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ... இல்ல சார். எப்ப பாத்தீங்க?"

"இப்பத்தான்" என்றார் உலகநாதன், கூசாமல்.

"நல்ல வேளை சார். நீங்க பாக்கலேன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும்." சொல்லிவிட்டுத் திருத்தப் போனாள். அவசரத்தில் விரல் வேறு வேறு எழுத்தில் விழுந்தது. கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நவுரும்மா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு சாத்த ஒரு வரி, திறக்க ஒரு வரி. கொஞ்சம் மேலே, நிரம்பிவிட்டால் கீழே போடு என்கிற அவளுடைய வரி இருந்தது. கர்சரோடு அதன்மேல் போய் நின்றார். அழிக்க ஒரு தட்டு போதும். 'ச்சு' கொட்டினார்; தொடாமல் கீழே இறங்கினார். திருத்தியதைப் பெட்டியில் ஏற்றி ஓடவிட்டார். ஓடியது.

"கஸ்தூரி! ரெடியாம்மா? படியேறிட்டாங்க!" வீரராகவன் தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

கஸ்தூரி வாயைத் திறப்பதற்குள், நாற்காலியைவிட்டு எழாமலே, கீழே லேத் பட்டறை வரைக்கும் கேட்கும்படி உலகநாதன் கத்தினார்:

"ரெடி சார்!"